இருபத்தோராவது வாக்கியம்

எனக்குக் குரல் சுமார்தான். இசைச் சிகிச்சை படிக்கிறேன் என்று சொன்னாலே எல்லோரும் ஒரு பாட்டை எதிர்பார்க்கிறார்கள். கல்யாண விருந்துகளில் மைக்கைக் கையில் திணித்துவிடுகிறார்கள். உண்மையில் எங்கள் வேலைக்கு நல்ல குரல் ஓர் இடைஞ்சல். நோயாளி நம்மை ரசித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், தான் வாயைத் திறக்க மாட்டார். ரெய்னோ கங்காஸ் என்னைவிட நன்றாகப் பாடினார். அதுதான் முறை.

விசாரிக்க வந்த நீங்கள் முதலில் கேட்டது அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபத்திரண்டு, நான்கு நிமிடம். உங்கள் கையில் இருக்கும் தாளில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது, நான் மறுக்கப்போவதில்லை. அதற்கு வருகிறேன். ஆனால் அந்த நான்கு நிமிடத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தால் என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வரும். அதனால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பிரிட்டா ஹால்வர்சன், வயது நாற்பத்து மூன்று. டுலூத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் பதினான்கு வருடம் வாத்தியக்குழு ஆசிரியையாக இருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர் முதல்நாள் கிளாரினெட்டை ஒன்றாக ஊதும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இந்த உலகத்தில் வேறு எந்தச் சத்தமும் பெரிதில்லை. ஊதக் கற்றுக்கொடுப்பது பெரிய வித்தை என்று பெற்றோர்கள் நினைப்பார்கள். இல்லை. ஊதாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம். டிரம்பெட் பிள்ளை முப்பத்திரண்டு தாளக்கட்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பத்தொன்றில் ஊதினால் எல்லாம் பாழ். என் பிள்ளைகள் எண்ணுவார்கள். அந்த வட்டாரத்தில் என் குழுவைப் போல எண்ணிய குழு கிடையாது.

பிறகு பள்ளிக்கூடம் வாத்தியக்குழுவே வேண்டாம் என்று முடிவு செய்தது. என் அறையில் இப்போது உடற்பயிற்சி சைக்கிள்கள் நிற்கின்றன. ஒருமுறை பழைய சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். பதினொரு சைக்கிள்கள், எல்லாம் சுவரைப் பார்த்தபடி. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை.

அதன்பின்தான் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்வியும் இசைச் சிகிச்சையும் சேர்ந்த முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். அங்கே ஒரு விதி உண்டு. முதல் பாடம் முடித்த நாளிலிருந்து ஏழு வருடத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். தாண்டிவிட்டால் பழைய பாடங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகும், பால் பாக்கெட்டில் தேதி போட்டிருப்பது போல. என் தேதி இந்த மே மாதம் ஒன்று. பகலில் யாராவது ஆசிரியர் விடுப்பு எடுத்தால் அந்த இடத்தில் போய் நிற்பது, மாலையில் படிப்பது என்று ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட முதல் நோயாளியை அவர் மகள் பாதியில் அரிசோனாவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டாமவர் என்னைக் கேட்காமலேயே தானாகப் பேச ஆரம்பித்துவிட்டார். அவருக்குக் கைகொடுத்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மனிதருக்குப் பேச்சு வந்ததற்காக அழுத ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாவதாகக் கிடைத்தவர் ரெய்னோ. எழுபத்து நாலு வயது. ஏரிக்கரையில் இரும்புத்தாதுக் கப்பல்களுக்குச் சரக்கேற்றும் மேடையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர். போன கோடையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலமிழந்து, பேச்சும் போய்விட்டது. அவர் மனைவி லெம்பி பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் மதியச் சாப்பாடு சமைத்தவர். சமையல் அட்டையில் அரைக் கரண்டி உப்பு என்று எழுதியிருந்தால் அரைக் கரண்டிதான், ருசி பார்த்துக் கூட்டிக் குறைக்கிற பழக்கம் கிடையாது. முதல்நாள் நான் போனபோது கதவைத் திறந்ததுமே சொன்னார்.

"வாங்க டீச்சர். இவருக்குப் பேச்சு போயிடுச்சுன்னு டாக்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து சொல்றாரு. அது எப்ப சார் இருந்துச்சுன்னு கேட்டேன்."

ரெய்னோ வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். பின்லாந்திலிருந்து வந்த குடும்பத்துக்காரர், பேச்சைச் செலவழிக்கிற ஆள் இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு இவரிடம் காரியம் நடக்கும் என்று தெரிந்துவிட்டது.

சிகிச்சை எளிமையானது. பேச்சு மூளையின் ஒரு பக்கம், பாட்டு பெரும்பாலும் மறுபக்கம். பேச முடியாதவர் பாடுவார். தினசரித் தேவைகளைச் சின்னச் சின்ன வாக்கியமாக எடுத்து, இரண்டே ஸ்வரத்தில் பாடக் கற்றுக்கொடுப்போம்: மேலே ஒன்று, கீழே ஒன்று, தெருவில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற ராகம். பாடும்போதே இடது கையால் மேசையில் தட்ட வேண்டும். தட்டத் தட்ட வார்த்தை வரும். காபி வேணும். கால் வலிக்குது. ஜன்னலை மூடு. இப்படி இருபது வாக்கியம் எழுதியிருந்தேன். மூன்றாம் வாரம் ரெய்னோ பட்டியலைத் தள்ளிவிட்டு, லெம்பியை விரலால் காட்டிவிட்டு, மேசையைத் தட்டிக் காட்டினார். எனக்குப் புரிந்தது. இருபத்தோராவது வாக்கியம் சேர்த்தேன். லெம்பி, இங்க வா.

அவர் அதைப் பாடி முடித்தபோது லெம்பி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாப்பத்தாறு வருஷத்துல இந்த மனுஷன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல டீச்சர். இருமுவாரு. இல்லன்னா கோப்பையை மேசையில வைக்கற சத்தத்துல நான் புரிஞ்சுக்கணும்," என்றார்.

டிசம்பருக்குள் கிழவர் வீட்டையே ரெண்டாக்கிக்கொண்டிருந்தார். அவர் எத்தனை முறை பாடுகிறார் என்று தினமும் மூன்று பத்திலிருந்து மூன்று நாற்பது வரை அரை மணி நேரம் லெம்பியை எண்ணச் சொல்லியிருந்தேன். அந்த அரை மணியும் லெம்பி வேறு அறையில் இருக்க வேண்டும், அப்போதுதான் அவருக்குக் கூப்பிடத் தோன்றும். ஒவ்வொரு முறை பாடும்போதும் தாளில் ஒரு கோடு. ஆரம்பத்தில் பூஜ்யம். கிறிஸ்துமஸ் சமயத்தில் பதினான்கு. "ரேடியோவை எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடுத்தீங்க, அணைக்கறது எப்படின்னு சொல்லவே இல்லியே," என்று லெம்பி என்னைக் கிண்டல் செய்வார். கிண்டல் செய்துகொண்டே ஓடுவார்.

எல்லாம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததுதான் பிரச்சினை.

என் ஆய்வின் அமைப்பு நான்கு கட்டம் கொண்டது. சிகிச்சை இல்லாமல் எண்ணுவது, சிகிச்சை கொடுத்து எண்ணுவது, சிகிச்சையை நிறுத்தி எண்ணுவது, திரும்பக் கொடுத்து எண்ணுவது. நிறுத்தும்போது வரைபடத்தில் கோடு இறங்க வேண்டும், கொடுத்தால் ஏற வேண்டும். அப்படி ஏறி இறங்கினால்தான் சிகிச்சைதான் காரணம் என்று நிரூபணமாகும். ஜனவரியில் நான் போவதை நிறுத்தினேன். ஒரு வாரம் கழித்துத் தாளை வாங்கிப் பார்த்தால் பதினைந்து, பதினாறு, பதினேழு. நான் இல்லாமலேயே கிழவர் பயிற்சி செய்துகொண்டிருந்தார். என் பேராசிரியர் மர்ச்சிசனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நல்லவர்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னேன் பிரிட்டா. தலைவலி மாத்திரைன்னா நிறுத்தினதும் வலி திரும்பி வரும். இது கத்துக்கிட்ட விஷயம். கத்துக்கிட்டது எங்க போகும்? இந்த டிசைன் உனக்குச் சரிப்படாது."

"மாத்திடலாமா சார்?"

"மாத்தலாம். நெறிமுறைக் குழு மறுபடி அனுமதி குடுக்கணும். நாலு மாசம் ஆகும்."

நான்கு மாதம் என்றால் மே மாத நடு. நான் எழுந்து வந்துவிட்டேன். நூலகத்துப் பின்னால் காரை நிறுத்தியிருந்தேன். உள்ளே உட்கார்ந்து எஞ்சினைப் போட்டுவிட்டு, கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதை எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும் என்று தெரியவில்லை. நாற்பத்து மூன்று வயதில், இன்னொருத்தர் வகுப்பில் பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு முன்னால் சாகும்வரை நிற்கப்போகிறேன் என்ற பயம். அப்போதுதான் ஒன்று தோன்றியது. கற்றுக்கொண்டது தானாகப் போகாது. ஆனால் பலன் இல்லாவிட்டால் எதுவும் நிற்காது. பாடினால் காபி வருகிறது, அதனால் பாடுகிறார். பாடினால் ஒன்றும் வராவிட்டால்?

ஆய்வில் நோயாளிக்குத் தீங்கு வராமல் பார்க்கிற நெறிமுறைக் குழு அனுமதித்த வெள்ளைத் தாள் ஒன்று அவர்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. சிகிச்சையாளர் இந்தக் கட்டத்தில் வர மாட்டார், குடும்பத்தார் வழக்கம்போல இருக்கலாம், வலி, பயம், அவசரம் எதுவானாலும் உடனே கவனிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நான் மஞ்சள் தாளில் வேறொன்று அச்சடித்துக்கொண்டு போனேன். நோயாளி பாடிக் கேட்டால் பதில் தரக்கூடாது. பேசிக் கேட்டால் மட்டும் தரலாம். பாடியதை எண்ணிக் கோடு போட வேண்டும். இடது கையால் தட்டவிடக் கூடாது. கடைசி வரி, வெள்ளைத் தாளில் இருந்ததே, அதை எடுத்துவிட்டேன். அதை வைத்தால் லெம்பி எல்லாவற்றையும் அவசரம் என்று எடுத்துக்கொண்டு ஓடுவார் என்று எனக்குத் தெரியும்.

லெம்பி இரண்டு முறை படித்தார், ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை வைத்து.

"கூப்பிட்டா போகக் கூடாதா?"

"பேசிக் கூப்பிட்டா போங்க. பாடினா வேண்டாம்."

"அவருக்குப் பேச வராதே டீச்சர்."

"அதனாலதான். பாட்டு ஒரு ஊன்றுகோல் மாதிரி. எப்பவும் அதையே பிடிச்சுக்கிட்டிருந்தா கால் வராது. கொஞ்ச நாள் எடுத்து வெக்கணும்."

"இது அவருக்கு நல்லதா?"

"நல்லதுதான்."

இதில் ஒரு வார்த்தையாவது உண்மையா என்று நீங்கள் கேட்டால், இல்லை. ஆனால் லெம்பி தலையாட்டிவிட்டு வெள்ளைத் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார், மஞ்சளை ஒட்டினார். தட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று அவரே யோசித்து, கெட்டிக் கம்பளியில் இடது கைக்கு ஒரு கையுறை பின்னினார். விரல் பிரியாத உறை, மணிக்கட்டில் கட்ட நூல். அதில் நீலத்தில் ஒரு பூ வேலைப்பாடு கூடப் போட்டிருந்தார். ரெய்னோ கையை நீட்டி அதைக் கட்டவிட்டார். குளிருக்கு என்று நினைத்திருப்பார்.

வரைபடத்தில் கோடு இறங்கியது. பன்னிரண்டு, எட்டு, ஐந்து. மூன்றாம் நாள் லெம்பி தொலைபேசியில் கேட்டார்.

"டீச்சர், நேத்து தண்ணி கேட்டுப் பாடினாரு, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு. நான் தட்டு கழுவற மாதிரி நின்னுக்கிட்டு அழுதேன். அழுதா அது பதில் சொன்னதுல சேருமா?"

"சேராது. அதை எழுத வேண்டாம்," என்றேன்.

அப்போதே இன்னொன்றும் சொல்லிவைத்தேன், ஏனென்றால் இது பாடப்புத்தகத்தில் இருப்பது. பலனில்லாத பழக்கம் அடியோடு விட்டுப்போவதற்கு முன்னால் ஒருமுறை ஓங்கி வரும். பிள்ளை அழுது அழுது ஓயும் நேரத்தில் ஒரேயடியாகக் கத்துமே, அது போல. அந்த நேரத்தில் இரங்கிப் போய்விட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண், முன்னைவிடக் கெட்டியாகிவிடும். "ஓங்கி வரும்போது மட்டும் உங்களைக் கெட்டியா பிடிச்சுக்கங்க லெம்பி," என்றேன். "சரி டீச்சர்" என்றார். அடுத்த நாள் எண்ணிக்கை இரண்டு. வியாழனும் வெள்ளியும் பூஜ்யம். இரண்டு பூஜ்யங்களையும் வரைபடத்தில் வைத்துவிட்டு அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை நடந்தது ஊருக்கே தெரியும். அவர்கள் வீட்டு அடித்தளத்தில் சவுனா அறை இருக்கிறது, பின்லாந்துக்காரர்கள் அடுப்பில் கல்லைச் சூடாக்கி உட்காருகிற நீராவிக் குளியலறை. சனிக்கிழமை மூன்று மணிக்கு வெந்நீராவியில் உட்காராவிட்டால் ரெய்னோவுக்கு வாரம் முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகு லெம்பி கூடவே உட்கார்ந்திருப்பார். அன்று அவரைப் பலகையில் உட்காரவைத்து, நனையுமே என்று கையுறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மூன்று பத்துக்கு மேலே வந்துவிட்டார், வேறு அறையில் இருக்க வேண்டுமே. சமையலறைத் தரையில் சூடான காற்று வருகிற கம்பி வலை உண்டு, கீழே பேசுவது அதன் வழியாக மேலே கேட்கும். அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தார். கீழே ரெய்னோ பலகையிலிருந்து சரிந்து, அடுப்புக்கும் பலகைக்கும் நடுவில், எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். பதினொரு கோடுகள் இருந்தன அந்தத் தாளில். கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் மூன்று முப்பத்தொன்று என்று எழுதியிருந்தார். மூன்று நாற்பதுக்கு இறங்கிப் போனார். வெப்பமும் இதயமும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார்.

மறுநாள் எல்லோரையும் போல நானும் மூடி போட்ட பாத்திரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். வீடு நிறைய ஆட்கள். பால் எடுக்கிற சாக்கில் மஞ்சள் தாளை உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாளை அதே காந்தத்தில் ஒட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஃபார்கோவிலிருந்து வந்திருந்த மகன்தான் அதைப் படித்தான்.

"அம்மா, அவசரம்னா உடனே போகணும்னு இதுல போட்டிருக்கே."

லெம்பி எழுந்து வந்து படித்தார். விரலை அந்த வரிக்கு அடியில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"மஞ்சளா இருந்துச்சே," என்றார் மெதுவாக.

"அம்மா," என்றான் மகன். அவன் கோபப்படவில்லை, அவர் தோளைத்தான் பிடித்தான். லெம்பி என்னைப் பார்த்தார். நான் காபிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தாளில் இருந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று முப்பது வருடம் நம்பி வேலை செய்த மனுஷி. தன் கண்ணைச் சந்தேகப்பட்டாரே தவிரத் தாளைச் சந்தேகப்படவில்லை. அதற்கப்புறம் அவர் பேசவில்லை. தேவாலயத்தில் இரங்கல் விருந்தில் பேசவில்லை, மகனிடம் பேசவில்லை, இதோ ஐந்து வாரம் ஆகிறது. பக்கவாதமெல்லாம் இல்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இப்போது அந்த நான்கு நிமிடம். மகன் பார்த்த வீட்டுத் தொலைபேசிக் கணக்கில் அது இருந்திராவிட்டால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது, லெம்பி சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன், கேட்டதற்குப் பதில் சொல்வது என் பழக்கம்.

"டீச்சர், நீங்க சொன்னது வந்துடுச்சு," என்றார் லெம்பி, நான் எடுத்ததும்.

"எது?"

"ஓங்கி வருது. ஏழு ஆயிடுச்சு. இருங்க. எட்டு."

"எந்த வாக்கியம்?"

"இருபத்தொண்ணு. என் பேருதான். தட்டவும் தட்டறாரு."

"எங்க இருக்கார்?"

"கீழ, சவுனால. போயி லேசா கதவைத் தொறந்து பாத்துட்டு வந்துடட்டுமா? அவருக்குத் தெரியாம பாக்கறேன் டீச்சர்."

தொலைபேசியைக் கம்பி வலைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். கேட்டேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, நான் கற்றுக்கொடுத்த இடைவெளி துளி பிசகவில்லை. ஆனால் சுருதி ஏறியிருந்தது. அவர் எப்போதும் பாடும் சுருதிக்கு ஒரு முழு ஸ்வரம் மேலே. தட்டல் தாளத்தில் இல்லை. பயந்த பிள்ளை ஊதினால் சுருதி ஏறும். பதினான்கு வருடம் அதை வைத்துத்தான் எந்தப் பிள்ளை அழப்போகிறது என்று முன்னாலேயே கண்டுபிடித்து, போய்ப் பக்கத்தில் நிற்பேன். எனக்குத் தெரியாமல் இல்லை. ஒன்பதாவதையும் அதில்தான் கேட்டேன்.

அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். சைக்கிள்கள் இருந்தன. சுவரைப் பார்த்து நிற்கும் பதினொரு சைக்கிள்கள். இப்போது கதவைத் திறந்தால் இந்தக் கோடு இனி எந்தக் காலத்திலும் இறங்காது என்று தோன்றியது. இன்னும் பதினான்கு நிமிடம்தானே என்று நினைத்தேன். பதினான்கு நிமிடம் எவரும் எண்ணிவிடலாம்.

"அரை மணி முடியட்டும் லெம்பி. எண்ணிக்கிட்டே இருங்க," என்றேன்.

"சரி டீச்சர்," என்றார்.

வைத்துவிட்டு நோட்டில் நேரத்தையும் ஒன்பது என்பதையும் குறித்தேன். பிறகு சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், மூன்று நாற்பது வரை. உட்காரக்கூட இல்லை. லெம்பி தனியாக எண்ணினார் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆக, ரெய்னோவைக் கொன்றது லெம்பி இல்லை, நான்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இதற்குப் பதிலாக உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு நோயாளியின் பதிவு முடியாமல் நின்றுவிட்டால் இன்னொருவரைச் சேர்க்கலாம் என்று அனுமதியிலேயே இருக்கிறது. லெம்பியைச் சேர்த்திருக்கிறேன். பேச்சில்லை, காது நன்றாகக் கேட்கிறது, எண்ணிக்கையில் கவனம் உண்டு. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். மகன்தான் கையெழுத்துப் போட்டான், உங்களை விட்டால் அம்மாவை யார் பேசவைப்பார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அது அந்தக் கணக்கு அவன் கண்ணில் படுவதற்கு முன்னால். மூன்று வாரமாகச் செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை, முதல் கட்டம் வெறுமனே எண்ணுவது.

போன வெள்ளிக்கிழமை முதல்முறையாக ஒன்று நடந்தது. லெம்பி இடது கையை மேசைமேல் வைத்து மெல்லத் தட்டினார். பிறகு வாயைத் திறக்காமல் முனகினார், மேலே ஒன்று, கீழே ஒன்று. முனகிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் பதில் தரவில்லை. முதல் கட்டத்தில் பதில் தரக்கூடாது. ஒரு கோடு போட்டேன்.

நாளை செவ்வாய், என்னை அங்கே போகவிடுங்கள். நான் போகாவிட்டால் அந்த வரிசை அறுந்துவிடும், மே ஒன்றுக்கு இன்னும் ஆறு வாரம்கூட இல்லை. இந்த நிலைமையில் அவரை நம்பி ஒப்படைக்க என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.